கடைக்குப் போன பிள்ளைகள்

பேராதனையில் தொடங்கி நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை என்று மலைகளை ஏறி இறங்கி வரும் ஏ-5 வீதி, லுணுகலையைத் தாண்டியதும் பிபிலையை நோக்கிக் கீழே இறங்கிவிடுகிறது. அங்கிருந்து மகாஓயா வழியாகப் போய் மட்டக்களப்புக்கு அருகே செங்கலடியில் முடிகிறது. மேலே தேயிலை, கீழே நெல், நடுவில் எங்கள் லுணுகலை டவுன். மேட்டில் குடியிருந்த எங்களுக்குச் சைக்கிளால் பெரிய பயன் இருந்ததில்லை. கீழே இருந்தவர்களுக்கு அது இல்லாமல் நாள் ஓடாது. அவர்களுடைய அந்தத் தேவைதான் எங்கள் லயத்துப் பிள்ளைகள் சிலருக்கு வேலையாக வந்து சேர்ந்தது. என் அண்ணனுக்கும் அப்படித்தான் வந்தது.

நான் சொல்வது 1977க்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமான காலம். எங்கள் தோட்டத்தில் அப்போது சைக்கிள் வைத்திருந்தவர்கள் கணக்கப்பிள்ளை ஐயாவும் டீமேக்கர் ஐயாவும் மட்டும்தான். இரண்டும் கம்பி பிரேக் போட்ட கறுப்பு ராலி. ஸ்டோரிலிருந்து ரோட்டுக்கு இறங்கும்போது ஏறி உட்கார்ந்து போவார்கள். திரும்பி வரும்போது தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும். வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்கி, துண்டால் கழுத்தைத் துடைத்து, மறுபடியும் தள்ளுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் நாங்கள் பின்னால் ஓடிப்போய்க் கரியரைப் பிடித்துக்கொள்வோம். உதவி என்று சொல்லிக்கொள்வோம், உண்மையில் அந்தச் சில்லு சுற்றும்போது வரும் ‘டிக் டிக்’ சத்தத்தைப் பக்கத்தில் இருந்து கேட்கும் ஆசை. கணக்கப்பிள்ளை ஐயா ஒருபோதும் எங்களை விரட்டவில்லை. மலையில் கொழுந்து நிறுக்கும்போது அரைக் கிலோவுக்குக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர், அந்த ஏற்றத்தில் எங்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு வருவார்.

டவுனில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. முதலாளி முஸ்லிம்காரர். வாங்க வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் ‘நானா’. கடை என்றால் பெரிய கடை இல்லை. பலகைக் கதவு, உள்ளே ஒரு கண்ணாடி அலமாரி, வெளியே தகரத் தாழ்வாரம். அந்தத் தாழ்வாரத்தில் சைக்கிள் திருத்துகிற ஒரு சிங்களப் பாஸ் குந்தியிருந்து வேலை பார்ப்பார். சிறிமா அம்மையார் ஆட்சிக் காலம் அது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் லேசில் வராது. 1974இல் மாவும் அரிசியும் கிடைக்காமல் லயங்களில் மரவள்ளியும் கீரையும் அவித்துத் தின்று, அதுவும் இல்லாமல் செத்துப்போனவர்களை எங்கள் தோட்டமும் பார்த்தது. அப்படிப்பட்ட நாளில் சைக்கிளுக்குப் புது டயர் யார் கேட்பார்கள்? பாஸ் பழைய டயரின் பிளவுக்குள் இன்னொரு டயர்த் துண்டை வைத்துத் தைப்பார். டியூபில் ஒட்டின்மேல் ஒட்டுப் போடுவார். விற்க ஒன்றும் இல்லாத கடை அது. திருத்துவது மட்டும்தான் நடந்தது. அதற்கு ஒரு பாஸ் போதும். வேறு ஆளுக்குச் சம்பளம் கொடுக்க நானாவிடம் காசும் இல்லை, கொடுப்பதற்கு வேலையும் இல்லை.

1977 ஜூலைத் தேர்தலில் ஜே.ஆர். ஜயவர்த்தன வந்தார். அந்த வருஷம் முடிவதற்குள் இறக்குமதிக் கதவு திறந்தது. திறந்த பொருளாதாரம் நாட்டுக்கு நல்லதா கெட்டதா என்று பெரியவர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். எனக்கு அது நானா கடை வாசலில் ஒரு லொறி வந்து நின்ற காட்சியாகத்தான் நினைவில் நிற்கிறது. பதுளையிலிருந்து மொத்த வியாபாரி அனுப்பிய லொறி. அதிலிருந்து முழுச் சைக்கிள் எதுவும் இறங்கவில்லை. சணல் சுற்றிய சட்டங்கள் கட்டுக்கட்டாக, ரிம்கள் அடுக்கடுக்காக, மரப்பெட்டிகளில் கிராங்க், பெடல், செயின், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஸ்போக் கம்பிக் கட்டு என்று தனித்தனியாக இறங்கின. இந்தியாவில் செய்தவை. பெட்டியைப் பிரித்தபோது வந்த வாசனை, கிரீஸும் புது ரப்பரும் கலந்தது, வீதியின் அந்தப் பக்கத்து ரொட்டிக்கடை வரைக்கும் போனது.

இந்தச் சாமானெல்லாம் தானாகச் சைக்கிள் ஆகிவிடாது. முன் சில்லுக்கு 32 கம்பி, பின் சில்லுக்கு 40 கம்பி. ஒவ்வொன்றையும் ஹப்பிலிருந்து ரிம்முக்குக் குறுக்காகக் கோத்து, நிப்பிளைத் திருகி, பிறகு ஸ்டாண்டில் மாட்டிச் சுழற்றிக் கோட்டம் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் கம்பியை இறுக்கினால் ரிம் அந்தப் பக்கம் சாயும். மறுபக்கம் அளவாகத் தளர்த்த வேண்டும். கை பழகாதவன் போட்ட சில்லு ஒரு மாதத்தில் எட்டாக வளைந்துவிடும். பிறகு கோன், கப், உள்ளே போல்ஸ், கிரீஸ், கிராங்குக்குக் கொட்டர் பின், மட்காட், செயின் கவர், பெல், டைனமோ. ஒரு பாஸ் ஒரு நாள் முழுக்கக் குந்தினாலும் ஒன்றிரண்டைத் தாண்டாது. லொறியில் வந்த சாமானோ தாழ்வாரத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. அப்போதுதான் நானா ஆள் தேடினார்.

அண்ணனுக்கு அப்போது பதினாறு வயது. பள்ளிக்கூடத்தை விட்டிருந்தான். அரசாங்க உத்தியோகம் அவனுக்குக் கனவிலும் இல்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தாத்தாவை நாடற்றவர் ஆக்கியது, அப்பாவையும் ஆக்கியது, அந்த வரிசையில் அண்ணனும் நின்றான். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்களும் இலங்கைக்கு எழுதிக் கொடுத்தவர்களும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தார்கள். நாங்கள் இலங்கைக்கு எழுதியவர்கள். பிரஜாவுரிமைக் கடிதம் வரவில்லை. மிஞ்சியது பெரட்டு மட்டும். விடியற்காலை தப்புச் சத்தத்துக்கு எழுந்து, பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, முள்ளு குத்தவோ கவ்வாத்து வெட்டவோ போக வேண்டும்.

நானா எங்கள் லயத்துக்கு வரவில்லை. தோட்டத்துக் கடையில் சாமான் போடுகிறவரிடம் சொல்லிவிட்டிருந்தார். அப்பாவுக்குச் சம்மதம். அம்மாதான் மறுத்தாள்.

“கடையில நின்னா யாரு பேரு பதியிறா? மலையில வேலை செஞ்சா செக்ரோல்ல பேரு இருக்கும். சேமலாபக் காசு புடிப்பாங்க. நாளைக்குக் கெழவனானா அதுதான் சோறு.”

“அவன் காலத்துக்கும் கூடையும் முள்ளுமா கெடக்கணுமா? போகட்டும் விடு” என்றார் அப்பா.

அம்மாவைச் சமாதானப்படுத்த நானா ஒருநாள் கடை வாசலிலேயே சொன்னார்: “பயப்படாதீங்கம்மா. எங்க வீட்டுப் புள்ளைங்க சாப்பிடுற சோத்தத்தான் இவரும் சாப்பிடுவாரு.” அந்த வார்த்தையை அவர் கடைசிவரைக்கும் காப்பாற்றினார். அண்ணனோடு இன்னும் இரண்டு தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஒருவன் அடாவத்தைப் பக்கம், மற்றவன் ஹொப்டன் பக்கம். மூவரும் இரவில் கடைக்குள்ளேயே பாய் விரித்துப் படுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லயத்துக்கு வருவார்கள்.

சனிக்கிழமை அண்ணனைப் பார்க்க நான் கடைக்கு இறங்கிப் போவேன். அம்மா ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக் கொடுத்தனுப்புவாள். தாழ்வாரத்தின் ஒரு மூலையில் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி எனக்கு ஆசனம். பாஸ் என்னைச் சிங்களத்தில் ‘நங்கி’, தங்கச்சி, என்பார். கிண்ணத்தில் போல்ஸைக் கொட்டி, சிறியது பெரியது பிரிக்கச் சொல்வார். மண்ணெண்ணெயில் கழுவிய அந்தக் குட்டிக் குண்டுகள் விரலுக்குள் நிற்காமல் ஓடும். ஒன்று தொலைந்தால் சில்லு கரகரக்கும் என்று பாஸ் பயமுறுத்தியிருந்ததால், தரையில் உருண்டதைக் கண்டுபிடிக்கும்வரை அங்கிருந்து எழமாட்டேன். கொஞ்ச நாளில் நானா எனக்கு இன்னொரு வேலை கொடுத்தார். என் எழுத்து குண்டு குண்டாக இருக்கும். கடன் கொப்பியில் பேரும் ஊரும் மாதத் தவணையும் எழுதச் சொன்னார். அதற்குக் கூலியாக மாதம் ஒரு பென்சிலும் பண்டிகைக்கு ஒரு சட்டைத் துணியும். கிராமத்துக்காரர்கள் ஊர்ப்பேரைச் சொல்லச் சொல்ல எழுதுவேன். பிபிலை, மெதகம, மகாஓயா, மகியங்கனை. பார்த்திராத ஊர்களெல்லாம் அந்தக் கொப்பி வழியாகத்தான் எனக்கு முதலில் பழக்கமாயின.

யார் வாங்கினார்கள் என்பதும் அந்தக் கொப்பியில் தெரிந்தது. எங்கள் தோட்டத்து ஆட்களின் பேர் அதில் மிகவும் குறைவு. எல்லாம் கீழே சமவெளிக்காரர்கள். அப்போது துரித மகாவலித் திட்டம் நடந்துகொண்டிருந்தது. 1980களின் தொடக்கத்தில் மகியங்கனைப் பக்கம் ‘சி’ வலயத்தில் காடு வெட்டி, வாய்க்கால் வெட்டி, குடும்பங்களைக் குடியேற்றினார்கள். வீட்டுக்கும் வயலுக்கும், வயலுக்கும் கடைக்கும், கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் கிலோமீற்றர் கணக்கில் செம்மண் பாதை. பஸ் இல்லை. பாதை நேராகக் கிடக்கும், ஏற்றம் இல்லை. அந்த இடத்துக்குச் சைக்கிளைவிடப் பொருத்தமான வாகனம் இன்றுவரைக்கும் இல்லை என்பேன். பெரும்போக அறுவடை முடிந்த பங்குனி மாதத்தில் கையில் நெல்லுக் காசோடு வருவார்கள். அதே காலத்தில் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன பெண்கள் அனுப்பிய காசும் வரத் தொடங்கியது. தாய் அனுப்பிய காசில் மகனுக்குச் சைக்கிள் எடுக்க வந்த தகப்பன்மாரை நான் கண்டிருக்கிறேன். கொப்பியில் பேர் எழுதும்போது மனைவியின் பேரைத்தான் எழுதச் சொன்னார் ஒருவர்.

விற்பது என்பது எடுத்துக் கொடுத்துக் காசு வாங்குவது அல்ல என்று அண்ணனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வந்தவரிடம் முதலில் சைக்கிளைக் காட்டமாட்டான். “நெல் மூட்டை ஏத்துவீங்களா? புள்ளைகள வச்சுப் போவீங்களா? வாய்க்கால் கட்டுல ஓட்டணுமா?” என்று தனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில் கேட்பான். மூட்டை ஏற்றுகிறவருக்குக் கனமான கரியரும் இரட்டைத் தாங்கியும் போடுவான். உயரம் குறைந்தவருக்குச் சீட்டைத் தாழ்த்தி, கால் தரையில் ஊன்றுகிறதா என்று குனிந்து பார்ப்பான். ஆறு மாதத்தில் அவனுடைய சிங்களம் நேராகிவிட்டது. கிராமத்துக்காரர்கள் அவனை ‘மல்லி’, தம்பி, என்று கூப்பிட்டு, நானா இருந்தாலும் அவனையே தேடினார்கள். தோட்டத்துக்கு வெளியே எங்கள் பிள்ளை ஒருவனை ஒரு கூட்டம் ஆட்கள் நம்பிக்கையோடு தேடி வந்ததை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். துரையிடமும் ஐயாமாரிடமும் கைகட்டி நின்றே பழகிய என் அப்பா, டவுனுக்கு வந்த ஒரு நாள், தூரத்தில் பஸ் ஸ்டாண்ட் அருகே நின்று வெகுநேரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைக்குள் வராமலே போய்விட்டார்.

சைக்கிள் கூடக்கூட ஆளும் கூடிற்று. ஐந்தாறு வருஷத்தில் அந்தத் தாழ்வாரத்தைச் சுற்றி உண்டான வேலைகளை இன்று நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. கடைக்குள் பொருத்துகிற பிள்ளைகள், விற்கிற பிள்ளைகள், சில்லறைச் சாமான் எடுத்துக் கொடுக்க ஒருவன். லொறி வந்தால் இறக்க நாட்டாமைகள். சட்டம் உடைந்தால் ஒட்ட, பின் சந்தில் வெல்டிங் பட்டறை போட்டார் ஒருவர். சீட்டுக்கு உறை தைத்தவர் தோட்டத்து டெய்லர், தீபாவளிக்கு முன்பு சட்டை தைப்பதைத் தவிர வேறு வருமானம் இல்லாதிருந்தவர். செயின் கவரில் சொந்தக்காரர் பேரை வண்ணத்தில் எழுத ஒரு பையன் வந்தான், கோயில் திருவிழாவுக்குப் பெனர் எழுதிப் பழகியவன். மணிக்கணக்கில் வாடகைக்கு விட நாலைந்து பழைய சைக்கிளை நானா ஒதுக்கி வைத்ததும், அதைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள். தவணை கட்டாதவர்களைத் தேடிக் கிராமத்துக்குப் போய்வர இன்னொருவர். அவருக்கும் ஒரு சைக்கிள். பிபிலை ரோட்டு ஓரம், காற்றடிக்கும் பம்பும் ஒரு பேசின் தண்ணீரும் சொலூஷன் டப்பாவும் வைத்து ஒட்டுப் போடும் கொட்டில்கள் முளைத்தன. அவற்றில் இரண்டு, நானாவிடம் வேலை கற்று விலகிப்போனவர்களுடையவை. நானா அவர்களுக்குக் கடனுக்குச் சாமான் கொடுத்தார். கடைக்காரன் ஒருவன் தன்னிடம் கற்றவனைப் போட்டியாக நினைக்காமல் சாமான் வாங்கும் ஆளாக நினைத்தால் தொழில் எப்படிப் பரவும் என்பதற்கு அந்த ரோடு சாட்சி.

சைக்கிள் செய்த தொழிற்சாலை எங்கோ லூதியானாவிலோ சென்னை அம்பத்தூரிலோ இருந்திருக்கும். பிறகு பாணந்துறையிலிருந்து லுமாலாவும் வந்தது. எங்கள் பக்கத்துக்குத் தொழிற்சாலை வரவில்லை, வரவும் போவதில்லை. ஆனால் விற்கிற இடத்திலும் திருத்துகிற இடத்திலும் இத்தனை பேருக்கு அடுப்பு எரிந்தது. சைக்கிள் விற்ற அன்றைக்கு வேலை முடிந்துவிடாது. ஒட்டு, டயர், பிரேக் கட்டை, செயின் என்று அது ஓடும் வருஷமெல்லாம் யாராவது ஒருவனுக்குக் கூலி கொடுத்துக்கொண்டே இருக்கும்.

நானா பிபிலையில் இன்னொரு கடை போட்டார். அண்ணனைத்தான் அங்கே அனுப்பினார். பள்ளி விடுமுறையில் நானும் அம்மாவும் அவனைப் பார்க்கப் போனோம். பஸ் வளைந்து வளைந்து இறங்க இறங்கக் காற்றுச் சூடாகிக்கொண்டே வந்தது. தேயிலை முடிந்து, மானாப் புல் முடிந்து, வயல் தொடங்கியது. வெள்ளைச் சட்டை போட்ட பெண்பிள்ளைகள் இரட்டைப் பின்னலோடு வரிசையாகச் சைக்கிளில் போனார்கள். நான் பஸ் ஜன்னலிலிருந்து தலையை உள்ளே எடுக்கவேயில்லை. பெண் சைக்கிளில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல். அன்று மாலை, வாடகைக்கு வைத்திருந்த பெண்கள் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு அண்ணன் என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போனான். சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்தபடி கூடவே ஓடினான். “முன்னுக்குப் பாரு, சில்லப் பாக்காத, முன்னுக்குப் பாரு” என்று மூச்சு வாங்க வாங்கக் கத்தினான். அவன் எப்போது கையை விட்டான் என்று எனக்குத் தெரியாது. மைதானத்தின் அந்தக் கரைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது அவன் இந்தக் கரையில் நின்றிருந்தான். அம்மா வாயில் கையை வைத்தபடி நின்றாள். லயத்தில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று இரவு என்னிடம் சத்தியம் வாங்கினாள். லயத்துக்குத் திரும்பிய அன்று மாலையே, குழாயடியில் அவளே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

அந்த வருஷங்களில்தான் இந்தியாவுக்குக் கடிதம் வந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. பதுளையில் ரயிலேறி, தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம். போகிறவர்கள் ஆடு, மாடு, பாத்திரம் எல்லாம் விற்றுவிட்டுப் போவார்கள். டீமேக்கர் ஐயாவின் பழைய ராலியை வாங்கி வைத்திருந்த பக்கத்துக் காம்பரா மாமா, அதை நானா கடையில் கொண்டுவந்து நிறுத்தினார். கேட்டதற்கு மேலேயே நானா காசு கொடுத்தார். மாமா வெகுநேரம் மணியை அடித்து அடித்துப் பார்த்தார். அவர்கள் கூடலூருக்குப் போனார்கள். அங்கே அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் அதே கொழுந்து. பல வருஷம் கழித்து அவருடைய பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் தமிழ்நாடு அரசு இலவசச் சைக்கிள் கொடுத்திருக்கிறது என்று கடிதம் வந்தபோது, அம்மா அதை என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

1983 ஜூலையில் பதுளை டவுனில் தமிழர் கடைகளைக் கொளுத்தினார்கள். எங்களுக்குச் சாமான் அனுப்பிய மொத்த வியாபாரியின் கடையும் அதில் போனது. லொறி வரவில்லை. பல மாதம் பெட்டி திறக்காத கடையில் பொருத்துகிற பிள்ளைக்கு என்ன வேலை? ஹொப்டன் பக்கத்துப் பையன் தோட்டத்துக்கே திரும்பிவிட்டான். அடாவத்தைக்காரன் கொழும்புக்குப் போனான். பிபிலையில் தமிழில் பேசப் பயந்துகொண்டு அண்ணன் கடைக்குள்ளேயே கிடந்தான். அவனைக் காப்பாற்றியவர்கள் கடன் கொப்பியில் நான் பேர் எழுதிய அதே கிராமத்துக்காரர்கள். இரண்டு பேர் இரவு முழுக்கக் கடை வாசலில் படுத்திருந்தார்களாம். ஒருவருக்கொருவர் முகம் தெரிந்து, பேர் தெரிந்து, தவணைக்குக் காத்திருந்து பழகிய உறவு அது. அதே ஜூலையில் கடைகளைக் கொளுத்தியவர்களும் பக்கத்து ஊர்க்காரர்கள்தான் என்பதையும் நான் மறக்கவில்லை. இரண்டும் உண்மை.

பிறகு சாமான் வேறு வழியாக வந்தது. கடை மறுபடி ஓடியது. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகாமல் தடுத்திருந்த காலத்தில், அங்கே சைக்கிள்தான் பஸ்ஸும் லொறியும் அம்புலன்ஸுமாக இருந்தது என்று பத்திரிகையில் வாசித்து அண்ணனிடம் சொன்னேன். “அங்க எத்தன பாஸ்மாருக்கு ராப்பகலா வேலை இருக்கும்” என்றான். அவனுக்கு முதலில் அதுதான் தோன்றியது. எங்கள் பக்கத்தில் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. லீசிங்கில் மோட்டார் சைக்கிள், த்ரீவீலர் என்று வந்துவிட்டது. ஜப்பானில் ஓடிப் பழசான சைக்கிள்களும் குவிந்தன. பொருத்தவேண்டிய வேலையே இல்லாமல் போனது. நானா காலமானார். பிள்ளைகள் கடையை மோட்டார் சைக்கிள் பாகக் கடையாக மாற்றினார்கள். அண்ணன் லுணுகலைக்கு வந்து ரோட்டோரம் ஒரு கொட்டில் போட்டான்.

கணக்குப் பார்க்கவேண்டிய வயது வந்தது. அம்மா மலையை விட்டு நின்றபோது அவளுக்கு ஊழியர் சேமலாப நிதிக் காசு கிடைத்தது. பெரிய தொகை இல்லை. ஆனாலும் அவள் பேரில், அவள் கைரேகைக்கு வந்த காசு. காதுக்குத் தோடு வாங்கினாள், மிச்சத்தை பாங்கில் போட்டாள். அண்ணனுக்கு ஒரு சதமும் இல்லை. கடைகளுக்கும் காரியாலயங்களுக்கும் 1954இலேயே சட்டம் போட்டிருந்தார்கள். வாரத்துக்கு 45 மணித்தியாலம், ஓய்வு நாள், வேலை நிபந்தனைகள் எழுத்தில் என்று எல்லாம் அதில் இருக்கிறது. சேமலாப நிதிச் சட்டம் 1958இலிருந்து இருக்கிறது. மலையில் தொழிற்சங்கம் இருந்தது, செக்ரோல் இருந்தது, பிடிக்காவிட்டால் கேட்க ஆள் இருந்தது. மூன்று பொடியன்கள் நிற்கிற சைக்கிள் கடைக்குள் யாரும் வந்து கேட்கவில்லை. நானா நல்லவர். அண்ணன் கல்யாணத்துக்கு மோதிரம் போட்டார், அப்பா சாவுக்கு ஓடி வந்தார். சோறு போட்டார், தொழில் கொடுத்தார். அவனுடைய பேரை மட்டும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அம்மா அன்றைக்குச் சொன்னது ஒன்றும் படிக்காத பெண்ணின் பயம் இல்லை. அவள் சொன்னதே சரி.

2022இல் எல்லாம் தலைகீழானது. ஏப்ரலில் நாடு கடன் கட்ட முடியாது என்று அறிவித்தது. ஜூன் 26ஆம் திகதி ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா ஆனது. அடுத்த நாளே ஜூலை 10 வரை அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்றார்கள். த்ரீவீலர்கள் வரிசையில் நாள்கணக்கில் நின்றன. நாடு முழுக்கச் சனம் சைக்கிள் கடைகளுக்கு ஓடியது. டொலர் விலை ஏறி, இறக்குமதியும் கட்டுப்பட்டு, சைக்கிள் விலை இரண்டு மடங்கையும் தாண்டியது. பரணில் கிடந்தவை, கோழி ஏறிப் படுத்தவை எல்லாம் அண்ணனின் கொட்டிலுக்கு வந்தன. அவனுக்கு அப்போது அறுபது வயது. மற்ற ஊர்க் கடைகளிலிருந்தும் அவனைத் தேடி வந்தார்கள். சில்லுக்குக் கோட்டம் எடுக்கத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லையாம். தோட்டத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் அவனிடம் வேலை கற்க வந்தார்கள். ஒருவன் ஏ.எல். படித்தவன், மற்றவன் கொழும்புக் கடை மூடியதால் திரும்பியவன். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, என் மாதப் பென்ஷன் பாங்குக்கு வந்துவிடும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கம்பி கோக்கிற அவனைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு முடியவில்லை.

அந்தப் பிள்ளைகளில் ஏ.எல். படித்தவன் இப்போது ஒரு பெரிய சைக்கிள் கடையில் நிற்கிறான். சம்பளம் பரவாயில்லை என்றான். கடிதம் கொடுத்தார்களா என்று கேட்டேன். “இன்னும் இல்ல டீச்சர்” என்றான்.

சைக்கிள் விற்கிற முதலாளிமாரே, உங்கள் கடையில் நிற்கிற தோட்டத்துப் பிள்ளைக்கு முதல் மாதமே நியமனக் கடிதம் கொடுங்கள். அவன் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, நீங்கள் 12 வீதம் போட்டு, சேமலாப நிதியில் அவன் பேரைப் பதியுங்கள். நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் உங்கள் பங்குதான். பிள்ளைகளைக் கடைக்கு அனுப்புகிற தாய் தகப்பனுக்கும் ஒன்று சொல்கிறேன்: சாப்பாடு எப்படி, படுக்க இடம் எப்படி என்று கேட்கும்போதே, பேர் பதிந்தாயிற்றா என்றும் கேளுங்கள். பதியவில்லை என்றால் பதுளைத் தொழில் திணைக்களத்தில் போய் முறையிடலாம். அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.